சேறு காத்ததும் சேறு கரைத்ததும்

ராதாபுரம் வட்டாரத்தின் கடற்கரையில், உவரியிலிருந்து கூத்தங்குழி, இடிந்தகரை என்று தெற்கே போகப் போக, அலை பின்வாங்கிய ஈர மணலில் சிவப்புத் திட்டுகள் படிந்து கிடக்கும். தேரிக்காடு எனப்படும் செம்மணல் மேடுகளின் செம்மை வேறு. அது மணல்மணியின் மேல் படர்ந்த இரும்புத் துரு. கடற்கரைத் திட்டின் செம்மையோ மணியின் சொந்த நிறம். ஒரு பிடி அள்ளி வெயிலில் பரப்பினால் வெளுத்த குவார்ட்ஸும் கறுத்த இல்மனைட்டும் அவற்றுக்கிடையே மாதுளை முத்துப் போன்ற கார்னெட்டும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். மேற்கே மலைகளிலும் அடிவாரத்திலும் உள்ள பாறைகள் சிதைந்து, ஆறுகளும் ஓடைகளும் அரித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்து, அலை மறுபடி கரையில் ஒதுக்கியவை இவை. கார்னெட் தரும் அந்தப் பாறைகளில் ஒன்று கொண்டலைட். ஒடிசாவின் கொண்டு பழங்குடியினரை ஒட்டி டி. எல். வாக்கர் 1902-இல் சூட்டிய பெயர் அது. கார்னெட்டும் சிலிமனைட்டும் நிறைந்த அந்தப் பாறை தொடக்கத்தில் பாறையே அல்ல. நீருக்கடியில் படிந்த களிச்சேறு. சேறு இறுகிக் களிப்பாறையானது. நிலவியலார் ஷேல் என்று சொல்வது இதைத்தான். அந்தக் களிப்பாறை பிறகு பூமியின் ஆழத்தில் வெந்து, உருமாறி, கொண்டலைட் ஆனது. ராதாபுரத்துக் கரையில் காலடியில் நெரியும் சிவப்பு மணியில் ஒரு பழைய சேற்றின் மிச்சம் இருக்கிறது.

கடலுயிர்கள் சேற்றில் புதைந்தால் கல்லாகிக் காக்கப்படும் என்று பள்ளிப் பாடத்திலிருந்தே கேட்டு வருகிறோம். அப்படியானால் ராதாபுரத்துப் பழஞ்சேறு ஏன் ஒரு சிப்பியைக்கூடத் தரவில்லை? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. அந்தச் சேறு படிந்த காலத்தில் ஓடுள்ள விலங்குகளே உலகில் தோன்றியிருக்கவில்லை என்பது முதல் விடை. நுண்ணுயிர்கள் இருந்தன. கேரளத்துக் கொண்டலைட்டில் காணப்படும் கிராபைட் செதில்களில் ஒரு பகுதி உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன் என்பதை ஓரகத்தனிம விகிதங்கள் காட்டுகின்றன. இரண்டாவது விடை வெப்பம். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருநிலமாகச் சேர்ந்தபோது, தென்முனைப் பாறைகள் 800 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறின. அந்தச் சூட்டில் களித்தாதுக்கள் கார்னெட்டாக மாறின. உயிரின் கரி கிராபைட்டானது. உருவம் என்று எதுவும் மிஞ்சவில்லை. சேறு இருந்தால் போதும், உயிர் நிலைத்துவிடும் என்ற எண்ணம் இங்கேயே தடுமாறுகிறது. சேறு காப்பதும் உண்டு, கரைப்பதும் உண்டு, நசுக்குவதும் உண்டு. புதைந்த உடல் அழுகும்போது வெளிவரும் பொருள்கள் அந்த உடலைச் சுற்றிக் கல்லாக இறுகும் வேகமே எது மிஞ்சும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. அழிவின் வேலையிலிருந்தே காப்பு பிறக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்றைத் தேட ராதாபுரத்திலிருந்து வடக்கே பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

ஆலத்தூர் வட்டத்தின் காரை கிராமத்துக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே, மழைநீர் அறுத்த ஓடைகளும் புல் முளைக்காத மண்மேடுகளுமாக நிலம் விரிகிறது. இதுவே காரைக் களிப்பாறை. ஏறத்தாழ 10.5 கோடி முதல் 9.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, கிரீத்தேசியக் காலத்தின் நடுப்பகுதியில், இங்கே கடல் இருந்தது. அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த இந்தியா பிரிந்தபோது கிழக்கு விளிம்பில் நிலம் பிளந்து தாழ்ந்ததால் காவிரிப் படுகை உருவானது. தாழ்ந்துகொண்டே போன அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. நிலத்திலிருந்து வந்த நுண்சேறு நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்குப் படிந்தது. இந்தப் பகுதியின் புதைபடிவங்கள் அறிவுலகுக்கு எட்டியது 1840-களில். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கேயும் கன்லிஃபும் திரட்டி அனுப்பியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் பாறையடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பின் வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1873 வரை வெளிவந்த பெருந்தொகுதிகளில், தென்னிந்தியக் கிரீத்தேசிய உயிர்களை ஓடு ஓடாக வரைந்து பெயரிட்டார். அவர்களுடைய கேள்வி பெரும்பாலும் ‘இது என்ன உயிர்?’ என்பதாக இருந்தது. ‘இது ஏன் மிஞ்சியது?’ என்ற கேள்வி தனித்துறையாக வளர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இரண்டாவது கேள்வியோடு காரை ஓடைகளைப் பார்த்தால் ஓர் ஏற்றத்தாழ்வு உடனே கண்ணில் படும். விரல் நீளத்தில், துப்பாக்கிக் குண்டு போல ஒரு முனை கூர்ந்த பழுப்புக் கற்கள் மண்மேட்டில் கழுவப்பட்டு உதிர்ந்து கிடக்கும். இவை பெலம்னைட்டுகள், இன்றைய கணவாயின் தூரத்து உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த திண்மையான பகுதி. உடைத்துப் பார்த்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஊசி ஊசியான படிகங்கள் இன்றும் கலையாமல் இருக்கும். அதே கடலில் நீந்திய அம்மோனைட்டுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. அதன் சுருள் ஓடு பல இடங்களில் மறைந்துவிட்டது. ஓட்டின் உள்ளறைகளை நிரப்பி இறுகிய கல்லின் வார்ப்பு மட்டுமே இருக்கிறது. இரண்டு ஓடுகளும் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் பெலம்னைட் குண்டு கால்சைட் என்ற நிலைத்த படிகவடிவால் ஆனது. அம்மோனைட் ஓடு அரகோனைட் என்ற எளிதில் கரையும் வடிவால் ஆனது. மன்னார் வளைகுடாக் கரையில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கைக்கெட்டும் பொருளில் உள்ளது. தூத்துக்குடிச் சங்கு அரகோனைட்; முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பும் முத்தும் அரகோனைட்; அதே முத்துச்சிப்பியின் வெளிப்புற அடுக்கு கால்சைட். இன்று ஒரு முத்துச்சிப்பியும் ஒரு சங்கும் அமிலம் ஊறும் சேற்றில் புதைந்தால், நெடுங்காலம் கழித்துத் தோண்டுபவர் கைக்குச் சிப்பியின் வெளித்தோடு கிடைக்கக்கூடும். சங்கின் இடத்தில் வெற்றுக் குழி இருக்கக்கூடும். எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. அவை இன்னும் உறுதியானவை. காரைக் களிப்பாறை அடங்கும் ஊட்டத்தூர்த் தொகுதியில் கிடைத்த முதுகெலும்புத் துண்டுகளைக் கொண்டுதான் 1879-இல் ரிச்சர்ட் லைடெக்கர் இக்தியோசார் என்ற கடல் ஊர்வன வகை ஒன்றுக்குப் பெயரிட முடிந்தது.

இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கடலடிச் சேற்றுக்குள் நடப்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும். செத்த உயிர் தரையில் விழுந்ததும் நண்டும் புழுவும் அதைத் தின்னத் தொடங்கும். புயலோ வெள்ளமோ கொண்டுவந்த சேறு சட்டென மூடினால் அந்தத் தின்னல் நிற்கும். மூடிய சேற்றில் இருந்த கொஞ்சம் ஆக்சிஜனைப் பாக்டீரியாக்கள் விரைவில் தீர்த்துவிடும். அதன்பின் கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் வேலையை ஏற்கும். கழிமுகச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துச் சதுப்பிலும் அதை உணரலாம்; அது இந்தப் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு. அந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து, கடைசியில் பைரைட் என்ற பொன்னிறத் தாதுவாகிறது. அதே வேலையில் பைகார்பனேட்டும் உருவாகி, உடலைச் சுற்றியுள்ள சேற்றுநீரில் கால்சைட் படியத் தூண்டுகிறது. தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் கசியும் பாஸ்பரஸ் பாஸ்பேட் தாதுவாகப் படிகிறது. இந்த மூன்றையும் தூண்டுவது அழுகும் உடலே. உடல் அழுகாமல் இருந்தால் அதைச் சுற்றிக் கல் உருவாக வழியில்லை. முழுவதும் அழுகி முடிந்த பின் கல் உருவானால், காக்க எதுவும் மிச்சமில்லை. இடைப்பட்ட அந்தச் சிறு இடைவெளிக்குள் தாது இறுகிவிட்டால்தான் உருவம் நிலைக்கும்.

இந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதற்கு உருண்டைக்கற்கள் சாட்சி. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. அவை சுண்ணாம்பு இறுகிய திரள்கற்கள் என்று நிலவியலார் விளக்கினர். முட்டை இல்லை என்றதும் ஊரின் ஆர்வம் வடிந்துவிட்டது. உண்மையில் ஆர்வம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். இத்தகைய திரள்கல் பலவற்றின் நடுவில் ஓர் ஓடோ எலும்போ மரத்துண்டோ இருக்கும். அழுகலின் வேதியியல் அதை மையமாகக் கொண்டு சேற்றைக் கல்லாக்கியிருக்கும். புதிதாகப் படிந்த சேற்றின் கன அளவில் பெரும்பகுதி நீர். மேலே படியும் சேற்றின் எடையில் நீர் பிழியப்பட்டு, அடுக்கு பல மடங்கு மெலியும். அதனால் வெறும் களிப்பாறைக்குள் கிடக்கும் அம்மோனைட் தோசைபோலத் தட்டையாக நசுங்கியிருக்கும். திரள்கல்லுக்குள் இருக்கும் அம்மோனைட் புடைப்பு குலையாமல் இருக்கும். திரள்கல்லைச் சுற்றிக் களிப்பாறையின் மெல்லிய அடுக்குகள் மேலும் கீழும் வளைந்து போவதையும் காணலாம். சேறு நசுங்குவதற்கு முன்பே கல் இறுகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தந்த வடிவ மெல்லுடலிகளைச் சுற்றி உருவான சிறு திரள்கற்களை ஆராய்ந்து, அவை வாரங்களிலும் மாதங்களிலுமே உருவாகியிருக்க முடியும் என்று கணக்கிட்டார்கள். கோடி ஆண்டு நிலைத்த ஒன்று சில மாத வேலை.

தமிழர் பலருடைய வீட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. வைணவ இல்லங்களில் பூசைப் பெட்டிக்குள் இருக்கும் சாளக்கிராமம் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கூழாங்கல். இமயத்தில் ஸ்பிதி ஷேல் என்று அழைக்கப்படும் கறுப்புக் களிப்பாறை, ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் டெத்திஸ் கடலில் படிந்தது. அதன் திரள்கற்களை ஆறு உருட்டிக்கொண்டு வருகிறது. கல்லுக்குள் தெரியும் சக்கரம் ஓர் அம்மோனைட்டின் சுருள்; சிலவற்றில் மின்னும் பொன்னிறம் பைரைட். பக்தர் கண்ணுக்குத் திருமாலின் ஆழியாகத் தெரிவது, நிலவியல் கண்ணுக்கு அழுகலின் வேதியியல் சரியான நேரத்தில் இறுகிய சான்றாகத் தெரிகிறது. ஒன்று மற்றொன்றின் மதிப்பைக் குறைப்பதில்லை. திரள்கல் என்ற உறை இல்லாதிருந்தால் அந்தச் சக்கரம் மலைகள் எழுந்த அழுத்தத்தில் நசுங்கியிருக்கும்; ஆற்றோட்டத்தில் பொடியாகியிருக்கும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. களிப்பாறையில் உயிர்கள் நிலைக்கக் காரணம் ஆக்சிஜன் இல்லாமை. அழுகல் நின்றுவிடுவதால்தான் உருவம் மிஞ்சுகிறது. இதில் அழுகலுக்கு நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்பது அது. ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் கறுப்புக் களிப்பாறையில் 18 கோடி ஆண்டுப் பழமையுள்ள இக்தியோசார்களின் தோல் விளிம்புகூடத் தெரிவதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். மறுப்பில் பாதி உண்மை உண்டு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நண்டும் புழுவும் இராது. அதனால் எலும்பு கலையாது, உடல் சிதறாது. ஆனால் அழுகல் நிற்பதில்லை. பீட்டர் ஆலிசன் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிஜன் இல்லாத சூழலிலும் மென்மையான உடல்கள் விரைவாகவே சிதைந்தன. தாதுப் படிவு ஒன்றே அவற்றை நிலைநிறுத்தக் கூடியது என்ற முடிவுக்கு அவர் வந்தார். காரையின் சான்றும் இதையே சொல்கிறது. அந்தச் சேற்றில் கடலடியில் வாழ்ந்த சிப்பிகளும், அதே கடலடித் தரையில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணிய ஒருசெல் உயிர்களும் உள்ளன. மூச்சுவிட முடியாத கடலடியில் அவை வாழ்ந்திருக்க முடியாது. அப்படியிருந்தும் புதைபடிவங்கள் நிலைத்தன என்றால், ஆக்சிஜன் அற்ற வேதியியல் கடல்நீரில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சேற்றுக்குள் சற்று ஆழத்தில் இருந்தாலே போதும். 1909-இல் சார்லஸ் வால்காட் கனடாவில் கண்டெடுத்த 50.8 கோடி ஆண்டுப் பழமையுள்ள பர்ஜஸ் களிப்பாறையின் மென்னுடல் உயிர்கள் நிலைத்ததற்கும் நுண்சேறு சட்டென மூடியதே முதற்காரணமாகக் கருதப்படுகிறது. ஆக்சிஜன் இல்லாமை ஒரு துணை. வேலையை முடிப்பது தாது.

இன்னொரு மறுப்பு ராதாபுரத்துப் பக்கமிருந்தே எழக்கூடும். கூடங்குளம், இடிந்தகரை ஆகிய ஊர்களின் கடலோரத்தில் சிப்பித்துண்டுகள் பதிந்த சுண்ணாம்பு மணற்கல் இருக்கிறது. சாத்தான்குளத்தை அடுத்த பனம்பாறையின் சுண்ணாம்பு கலந்த மணற்கல்லையும் திருநெல்வேலிச் சீமையின் கடலோரப் படிவுகளையும் 1883-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் விவரித்திருக்கிறார். அங்கே சேறு இல்லை, மணல். ஆனாலும் ஓடுகள் நிலைத்துள்ளன. அரியலூரின் சிமென்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல்லிலும் தடித்த சிப்பிகள் குவிந்து கிடக்கின்றன. அப்படியானால் சேற்றுக்கு என்ன தனிச்சிறப்பு? விடை எது மிஞ்சியது என்பதில் இருக்கிறது. அலை புரளும் மணலில் மிஞ்சுவது தடித்த ஓடு. அதுவும் உடைந்து, தேய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து. எந்த உயிர் எந்த இடத்தில் எப்படி வாழ்ந்தது என்பதை அந்தக் குவியல் சொல்வது குறைவு. சுண்ணாம்பு மிகுந்த நீரில் ஓடு கரையாது. அந்த வகையில் மணற்கல் சேற்றைவிடக் கருணையுள்ளது. ஆனால் மெல்லிய ஓடு, மீனின் செதில், உயிர் சென்ற தடம் ஆகியவற்றின் நுணுக்கத்தை நுண்சேறு பதிவதுபோலப் பருமணல் பதிவதில்லை. மேலும் ராதாபுரத்துச் சிப்பிப் படிவுகள் நிலவியல் கணக்கில் இளையவை; நசுக்கும் எடையும் வேகவைக்கும் ஆழமும் இன்னும் அவற்றைச் சோதிக்கவில்லை.

எடை என்ற சோதனையைக் காரை தாங்கியது. ஆனால் கடைசிச் சோதனை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. காரை மண்மேடுகளில் வெயிலில் கண்ணாடித் துண்டுபோல் பளிச்சிடுவது ஜிப்சம். அது பெரும்பாலும் விரிசல்களை நிரப்பித் தகடு தகடாக இருக்கிறது. அடுக்குகளை அறுத்துக்கொண்டு போகும் தகடுகள் சேறு இறுகிய பிறகே உருவாகியிருக்க வேண்டும். பைரைட் உள்ள களிப்பாறை மேலெழும்பிக் காற்றையும் மழைநீரையும் சந்தித்தால் கந்தக அமிலம் உருவாகும். அந்த அமிலம் ஓட்டின் கால்சியம் கார்பனேட்டைத் தின்று ஜிப்சமாக மாற்றும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழுகலின் துணையால் பிறந்த பைரைட்டே, காற்றுப்பட்டதும் தான் பக்கத்திலிருந்து காத்த ஓட்டைக் கரைக்கும் அமிலமாகிறது. காப்பும் அழிவும் ஒரே வேதியியலின் இரண்டு முகங்கள் என்பதற்கு இந்தத் தகடுகளும் சாட்சி சொல்கின்றன.

இதிலிருந்து எழும் முடிவு நடைமுறைக்கும் உரியது. காரையில் பெலம்னைட் மிகுந்து கிடப்பதால் அந்தக் கடலை ஆண்டது பெலம்னைட்தான் என்று சொல்லிவிட முடியாது; கால்சைட் ஓடு கரையாமல் தப்பியது என்பது அந்த எண்ணிக்கைக்குள் கலந்திருக்கிறது. ராதாபுரத்துக் கொண்டலைட்டில் உருவம் இல்லாததால் அந்தச் சேற்றில் உயிரே இல்லை என்றும் சொல்ல முடியாது. புதைபடிவக் கணக்கு எழுதும்போதெல்லாம் ஓட்டைப் போலவே அதைச் சூழ்ந்த சேற்றையும் எண்ண வேண்டும். எந்த அடுக்கு, திரள்கல்லுக்குள்ளா வெளியிலா, நசுங்கியதா புடைத்ததா, பைரைட் உண்டா ஜிப்சம் உண்டா என்பவை தெரியாமல் எடுத்த அம்மோனைட் மேசை அலங்காரம் மட்டுமே. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரின் கல்மரத்தை 1940-இல் நிலவியலார் எம். எஸ். கிருஷ்ணன் அறிவித்தபோது அதன் பெருமை 18 மீட்டர் நீளத்தால் மட்டும் வந்ததல்ல. கடற்படிவுக்குள் ஒரு நிலத்து மரம் கிடக்கும் இடத்தோடு சேர்த்து அதை நாம் காண முடிகிறது என்பதால் வந்தது. அதற்கு வேலி போட்டுக் காக்கிறோம். அதே பகுதியின் களிப்பாறை மேடுகளும் அதே அளவு காக்கத் தக்கவை.

ஆகவே காரைக்கும் அரியலூருக்கும் மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களிடமும், ஆர்வத்தோடு கல் பொறுக்குபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கண்ட இடத்திலேயே படம் எடுங்கள். அடுக்கையும் சுற்றியுள்ள மண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துச் செல்லாதீர்கள். பார்த்துப் பழக வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஒவ்வோர் ஐப்பசி மழையும் காரை மேட்டிலிருந்து ஒரு படலத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. அந்த மழையைத் தடுக்க நம்மால் ஆகாது. அதற்கு முன் பதிவு செய்ய ஆகும்.